அக்காவின் பல்லும் மூன்று பிராணிகளும்

பல் பிடுங்கத் துணைக்கு வா என்று அக்கா போன் செய்தபோது நான் உடனே கிளம்பியதற்குப் பாசம் மட்டுமே காரணம் என்று சொன்னால், மலேசியாவில் என் ஊரான கிள்ளானில் என்னைத் தெரிந்த ஒருவரும் நம்பமாட்டார்கள். அக்கா வைக்கிற வஞ்சிரக் குழம்பு, அத்தான் தன் கையால் செய்கிற ரகு என்கிற பிரெஞ்சு மாட்டிறைச்சிக் குழம்பு, அதில் முக்கிச் சாப்பிட நீளமான பிரெஞ்சு ரொட்டி, இவையும் காரணம். தவக்காலம் தொடங்கிவிட்டது என்பதுதான் என் கணக்கில் விட்டுப்போயிற்று. நானும் ஞானஸ்நானம் வாங்கியவள்தான். ஆனால் எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுச் சீனர்கள் வாத்து வறுக்கும்போது தவம் நிலைப்பது சிரமம்.

அக்கா பிலோமினா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கிள்ளானில் பிறந்து, புதுச்சேரி அந்துவான் அத்தானைக் கட்டிக்கொண்டு வந்து, இப்போது பேச்சிலும் பிடிவாதத்திலும் முழுப் பாண்டிக்காரி. அத்தான் பிரெஞ்சுப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு ஆற்றுக்குத் தெற்கே அரியாங்குப்பத்தில். பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் வீடியோவில் வந்து, "மம்மா, பல்ல எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு மறைகிறார்கள்.

போய் இறங்கிய மதியம் எனக்கு முன்னால் வந்தது ரசமும் வாழைக்காய் வறுவலும். நான் தட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்னாடி பாக்குற? சுத்தபோசனம். ஈஸ்டர் வரைக்கும் இந்த வாய்க்குள்ள கவிச்சி போவாது. நேர்ந்துகிட்டேன்."

"சபை வெள்ளிக்கிழமைக்குத்தானே சொல்லுது?"

"சபை சொன்னத சபை பாத்துக்கும். இது எனக்கும் ஆண்டவருக்கும்."

அத்தான் தலையைத் தூக்காமல் ரசத்தைப் பிசைந்தார். அவருக்கும் சேர்த்துத்தான் நேர்ந்திருக்கிறாள் போலிருக்கிறது.

அக்காவின் வலது கன்னம் வீங்கியிருந்தது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, அடியில் சீழ் பிடித்துவிட்டது. மற்றவர்களுக்கு இது அரைமணி நேர வேலை. அக்காவுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறார்கள். துடிப்பும் அவ்வப்போது தாளம் தப்புவதால், ரத்தம் கட்டாமல் இருக்க தினமும் மாத்திரை போடுகிறாள். மாத்திரையை நிறுத்தினால் கட்டி மூளைக்குப் போகலாம் என்கிறார் இதய டாக்டர். நிறுத்தாமல் பல்லைப் பிடுங்கினால் ரத்தம் லேசில் நிற்காது. பிடுங்காமல் விட்டால் சீழ் ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய்ப் பற்றிக்கொள்ளும், அதற்குப் பிறகு உயிருக்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது. இதையெல்லாம் அக்காவே எனக்குச் சொன்னாள், வாழைக்காயை இடது கடைவாயால் மென்றுகொண்டு, யாரோ பக்கத்து வீட்டுக்காரியின் கதையைச் சொல்வதுபோல.

மறுநாள் மூவரும் ஆட்டோவில் டவுனுக்குப் போனோம். பாண்டி ஆட்டோவில் மீட்டர் உண்டு. எங்கள் வீட்டு அலமாரியில் சீனப் பீங்கான் கோப்பைகள் இருப்பதுபோல அதுவும் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. ஒருவழிப் பாதையில் எதிராக நுழைந்து, போலீஸ்காரரைக் கண்டு பின்னாலேயே திரும்பி, கடைசியில் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு முன்னாலேயே இறக்கிவிட்டார் ஓட்டுநர். அத்தானின் பழைய மாணவர் ஒருவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டதால், உள்ளே அக்காவும் நானும்தான் போனோம்.

டாக்டர் கவிதா சின்ன வயது. அக்காவின் வாயைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். பிறகு மேஜை டிராயரிலிருந்து மூன்று சின்னப் பொட்டலங்களை எடுத்து அக்காவின் முன் வரிசையாக வைத்தார்.

"அம்மா, மாத்திரைய நிறுத்தாமலே எடுத்துடலாம். எடுத்த குழியில ரத்தம் நிக்கணும், அதுக்கு உள்ள ஒண்ணு வச்சி தைக்கணும். இது பன்னித் தோல்லேர்ந்து எடுத்த ஜெலட்டின், பஞ்சு மாதிரி. இது மாட்டுக் கொலாஜன். இது எறா ஓட்டுலேர்ந்து செஞ்சது. எத வச்சாலும் ரத்தம் அது மேல புடிச்சிகிட்டு ஒறைஞ்சிடும், அப்புறம் கொஞ்ச நாள்ல தானா கரைஞ்சி போயிடும். மேல ஒட்டறதுக்கு மனுஷ ரத்தத்துல செஞ்ச பசையும் இருக்கு. ஒங்களுக்கு எதுனா வேணாம்னு இருந்தா சொல்லுங்க. நான் எல்லார்கிட்டயும் கேட்டுடுவேன்."

இட்லியா தோசையா என்று கேட்கிற அதே குரல். எனக்குப் பிடித்திருந்தது. அக்கா மூன்று பொட்டலங்களையும் நெடுநேரம் பார்த்தாள்.

"மூணும் வேணாம்" என்றாள். "தவக்காலம்."

மனுஷப் பசையைப் பற்றி அவள் பேசவே இல்லை, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஞாயிறு தவறாமல் ஆண்டவரின் உடலும் ரத்தமும் என்று நற்கருணை வாங்குகிறவள் இதற்கு ஏன் சிலுவை போடுகிறாள் என்று கேட்க நாக்கு துடித்தது. டாக்டர் எதிரில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

"பருத்தியில செஞ்சதும் இருக்கும்மா" என்றார் டாக்டர். "ஆனா ஒங்க ரத்தம் இருக்கற மெலிசுக்கு அத மட்டும் நம்பி நான் கை வைக்க மாட்டேன்."

"அப்ப ஈஸ்டர் முடிஞ்சி வரேன்."

"ஈஸ்டர் வரைக்கும் அந்தச் சீழ் காத்திருக்காதும்மா."

கிருமிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் யோசித்துவிட்டு வரச் சொன்னார். கன்னம் இன்னும் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ யோசிக்காமல் வந்துவிட வேண்டும் என்றார்.

திரும்பும்போது ஆட்டோவுக்கு எதற்குக் காசு என்று அக்கா என்னையும் அத்தானையும் தன்னோடு ஷேர் டெம்போவில் ஏற்றிவிட்டாள். ஆற்றுப் பாலத்தில் முன்னால் பைக்கில் போனவர் போன் பேச நின்றுவிட்டார், பாலத்தின் நடுவிலேயே. டெம்போ போட்ட பிரேக்கில் அக்காவின் கன்னம் முன் கம்பியில் இடித்தது. வாயைத் திறந்தபோது பல்லெல்லாம் சிவப்பு.

அதன்பிறகு டெம்போவில் இருந்த அத்தனை பேரும் வைத்தியரானார்கள். காப்பித்தூள் வைத்து அழுத்தச் சொன்னார் ஒருவர். மஞ்சள்தான் சரி என்றாள் காலேஜ் பெண் ஒருத்தி. பக்கத்திலிருந்த பெரியவர் சட்டைப் பையிலிருந்து சுண்ணாம்பு டப்பாவையே எடுத்துவிட்டார். அத்தான் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். கைக்குட்டை நனைந்தது. மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கூடைக்குள் கைவிட்டு ஒரு பிடி ஐஸை அள்ளி நீட்டினாள்.

"கன்னத்துல வச்சி அமுக்குமா."

அக்கா ஐஸைப் பார்த்தாள். அதில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது.

"வெளிய வச்சிக்கலாம்" என்றாள் வாய் நிறைய ரத்தத்தோடு. "உள்ள போவக் கூடாது."

கடவுளே என்று சொல்லிவிட்டேன், சத்தமாகவே. அரியாங்குப்பம் போய்ச் சேர்ந்து, வீட்டுக்குள் நுழைந்து, இன்னும் ஒரு துண்டு பாழான பிறகுதான் ஈற்றில் ரத்தம் ஓய்ந்தது. ஈறு லேசாகக் கிழிந்ததற்கே இந்தப் பாடு. பல்லையே பிடுங்கினால் என்ன ஆகும்? அன்று இரவு என் ஊர்த் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைக்கூட நான் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அக்காவைப் பங்குச்சாமியாரிடம் இழுத்துப் போனேன். சபையின் வாயாலேயே அனுமதி வாங்கிவிட்டால் முடிந்தது என்பது என் திட்டம். சாமியார் பொறுமையாகக் கேட்டார். மருந்து உணவாகாது, நோயாளிக்குத் தவக்காலக் கட்டுப்பாடே கிடையாது என்றார். பிறகு தானாகவே ஆராய்ச்சியில் இறங்கினார்.

"அப்படியே உங்களுக்கு மனசு ஒப்பலன்னாலும், வெள்ளிக்கிழமையில மீன் உண்டும்மா. மீன் உண்டுன்னா எறாவும் உண்டு. எறாவோட ஓடு எறாவவிடக் கொறச்சல்தானே? தாராளமா வச்சிக்கலாம்."

திருச்சபை இவ்வளவு நுணுக்கமாக ஒரு பல்லுக்காக யோசித்திருக்காது. நான் கும்பிட்டேன். அக்கா எழுந்தாள்.

"சாமி, நீங்க சொல்றது கட்டளை. அத நான் கேக்க வர்ல. இவதான் இழுத்துகிட்டு வந்தா."

வாசல்வரை வந்த சாமியார் என்னை மட்டும் நிறுத்தி, "அந்த டாக்டரம்மா வலிக்காம பிடுங்குவாங்களா? எனக்கும் ஒண்ணு இருக்கு" என்றார்.

அக்காவை வீட்டில் விட்டுவிட்டு, மாலையில் கோபத்தோடும் பசியோடும் நான் தனியாகக் கிளம்பினேன். வைத்திக்குப்பத்தில் படகு வந்ததும் மீன் விற்பார்கள், பக்கத்தில் எங்காவது பொரித்தும் தருவார்கள் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். ஆட்டோக்காரர் முதலில் என்னைக் கருவடிக்குப்பம் கொண்டுபோனார். "ஒரு நிமிஷம்மா, மச்சான் வீட்ல சிலிண்டர எறக்கிட்டு போயிடலாம்" என்றபோதுதான் என் காலடியில் இருந்தது கேஸ் சிலிண்டர் என்று கவனித்தேன். மச்சான் வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், மலேசியாவில் வேலை கிடைக்குமா என்று கேட்டார்கள். வைத்திக்குப்பம் போய்ச் சேர்ந்தபோது கரையில் படகுகளும் வலைகளும் இருந்தன. மிச்சமிருந்த இரண்டு கூடை சங்கரா மீனை விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் பொரித்த மீன் கிடைக்குமா என்றேன்.

"பொரிச்சி குடுக்க இது என்னா ஓட்டலா? வாங்கினு போயி வீட்ல பொரிச்சிக்க."

அக்கா வீட்டில் இப்போது எண்ணெய்ச் சட்டி வாழைக்காய்க்கு மட்டும்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கடலோரமாகவே நடந்து பீச் ரோட்டுக்கு வந்தேன். சாயங்காலமானால் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், ஊர் முழுக்க நடுரோட்டில் நடக்கிறது. கிள்ளானில் நடக்க வேண்டுமென்றால் காரில் ஏறி ஷாப்பிங் மாலுக்குப் போகிறோம்.

அங்கே ஒரு பெஞ்சில் அத்தான் தன் வயதுக்காரர்கள் மூவரோடு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் பழைய பள்ளிக்கூடத்து ஆட்கள், ஒருவரை ஒருவர் ஐயா என்பதற்குப் பதில் முசே போட்டுக் கூப்பிட்டுக்கொண்டு பிரெஞ்சில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் என் பக்கம் முதுகைக் காட்டியிருந்ததால் நான் வந்ததைப் பார்க்கவில்லை. ஓரத்தில் இருந்த முசே லெயோன் எனக்கு இடம்விட்டு, விருந்தாளி விட்டுப்போகக் கூடாதென்று பேச்சை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார்.

"இவரு சொல்றாரு, எனுக்கு முட்டியில இரும்பு வச்சிருக்குதுன்னு. அவரு சொல்றாரு, எனுக்குக் கண்ல பிளாஸ்டிக்குன்னு. அந்துவான் சொல்றான், அதெல்லாம் என்னா பெருசு, என் பொண்டாட்டி நெஞ்சுல மாடே இருக்குதுன்னு."

அத்தான் திரும்பினார். என்னைப் பார்த்ததும் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அவரைத் தனியாக நடத்திக்கொண்டு போய்க் கேட்டேன். அக்காவின் வால்வு மாட்டு இதயத்தைச் சுற்றியிருக்கும் தோலில் தைத்தது. உலோகமா, மாடா என்று டாக்டர் கேட்டது அத்தானிடம். மாட்டுக்குத் தலையாட்டியதும் அத்தான்.

"அவகிட்ட சொல்லிடாத ரீத்தா. அன்னிக்கி ரொம்ப பயந்துபோயி இருந்தா. சொன்னா இன்னும் பயப்படுவான்னு சொல்லல. அப்புறம் சொல்றதுக்குன்னு ஒரு நாளு வரவே இல்ல."

"ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூடவா?"

எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. தினமும் மாட்டின் தயவில் மூச்சுவிடுகிறவள், விரலளவு மாட்டுப் பஞ்சு வேண்டாமென்று உயிரைப் பணயம் வைத்துக்கொண்டிருக்கிறாள். இதைப் பிரெஞ்சு தெரிந்த ஒரு பெஞ்சே அறிந்திருக்கிறது, அவளுக்கு மட்டும் தெரியாது.

நான்காம் நாள் விடிந்தபோது அக்காவுக்குக் காய்ச்சல். கன்னத்து வீக்கம் கண்ணுக்குக் கீழேவரை ஏறியிருந்தது. டாக்டர் கவிதா பார்த்துவிட்டு, இதய டாக்டரிடம் போனில் பேசினார். பிறகு இன்றைக்கே எடுக்க வேண்டும் என்றார். அத்தான், நான், ஒரு நர்ஸ், எல்லோரும் நாற்காலியைச் சுற்றி நின்றோம். அக்கா சாய்ந்தபடி, "ஈஸ்டருக்கு அப்புறம்" என்றாள்.

நான் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ளவில்லை. பயத்தில் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"மாடு வேண்டாமா உனக்கு? ஆறு வருஷமா உன் நெஞ்சுக்குள்ளே இருக்கிறதே மாடுதான்! உன் வால்வு மாட்டுத் தோல்! இவருக்குத் தெரியும், பீச்சில் இவருடைய சிநேகிதர்களுக்கெல்லாம் தெரியும்!"

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் கையிலிருந்த தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"தெரியும்" என்றாள் அக்கா.

"என்ன தெரியும்?"

"மாடுன்னு தெரியும்டி. கண்ணு தொறந்த அன்னிக்கே அந்த நர்சுப் பொண்ணு சொல்லிடுச்சி. 'கவலப்படாத ஆயா, மாட்டு வால்வு, நல்லா ஓடும்'னு. மாடுன்னது கூட பரவால்ல, ஆயான்னாளே."

அத்தான் கண்ணைத் திறந்தார். "தெரிஞ்சா ஏன் பிலோ ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அக்கா டாக்டர் பக்கம் தலையைத் திருப்பினாள். வீக்கத்தில் வார்த்தைகள் குழறின. ஆனால் ஒவ்வொன்றாகத்தான் சொன்னாள்.

"அன்னிக்கி நெஞ்ச தொறந்தப்ப என்னை ஒருத்தரும் கேக்கல. எதாவது வையுங்கன்னு இவரு சொல்லிட்டாரு, வச்சாங்க. நீ என்னைக் கேட்ட. பன்னியா, மாடா, எறாவான்னு மூணையும் எடுத்து என் முன்னால வச்சி கேட்ட. கேட்டா நான் யோசிச்சி சொல்ல வேணாமா? சொன்னா இவங்கல்லாம் என்னை சாமியாருகிட்ட இழுத்துகிட்டு போறாங்க."

எனக்கு அந்த இடத்தில் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அக்காவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"சரிம்மா. இப்ப மறுபடி கேக்கறேன். இப்ப எடுக்கலன்னா வால்வு போயிடும்னு எனக்கு பயமா இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

அக்கா கொஞ்சநேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாடே வையி" என்றாள். "அதுக்கும் எனக்கும் ஒத்துப்போவுது."

"நேர்த்தி?" என்று கேட்டுவிட்டேன், சும்மா இருக்க முடியாமல்.

"நான் வச்ச நேர்த்தி. நான் பேசிக்கறேன் அவருகிட்ட. நீ கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது."

பல் வந்தது சீக்கிரம். ரத்தம்தான் அதற்காகவே காத்திருந்ததுபோல வந்தது. டாக்டர் அந்த வெள்ளைத் துண்டைக் குழிக்குள் வைத்தார், அது வைத்த நொடியே சிவந்தது. மேலே தையல் போட்டு, மடித்த பஞ்சுத் துணியை வைத்துக் கடிக்கச் சொன்னார். கொஞ்சநேரம் கழித்து எடுத்தபோது துணி முழுக்க நனைந்திருந்தது. டாக்டர் இன்னொரு துணியை மருந்தில் நனைத்து வைத்து, தன் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அதுவும் ஓரம் சிவந்தது. நான் ஜெபம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் வரிகள் மறந்துபோயின, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அக்கா செத்துப்போய்விடுவாளோ என்று நினைத்தேன், அதை வேறுவிதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது துணியை வைத்துவிட்டு டாக்டர் கை கழுவப் போனார். நர்ஸ் காத்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், குனிந்து துணியை மெல்ல எடுத்து விளக்கை அருகே இழுத்துப் பார்த்தாள். எடுத்த துணியில் இளஞ்சிவப்பாக ஒரு கறை மட்டும் இருந்தது. புதுத் துணியை வைத்து வாயை மூடச் சொல்லிவிட்டு அத்தானைப் பார்த்தாள்.

"சார், நின்னுடுச்சி."

அத்தான் சுவரில் சாய்ந்துவிட்டார். நான் அழுதேன். அப்போது டங் டங் என்று சத்தம் கேட்டது. அக்கா தன் மோதிரத்தால் நாற்காலிக் கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் மூவரும் திரும்பியதும், வாய் நிறையத் துணியோடு, விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

நர்ஸ் பதறிப்போனாள். "நெஞ்சு வலிக்குதாம்மா?"

அக்கா இல்லை என்று தலையாட்டினாள். மறுபடியும் நெஞ்சைத் தொட்டாள். இந்த முறை அத்தானைப் பார்த்தாள், சொல்ல வேண்டியது எனக்கு என்பதுபோல.

அத்தான் சுவரைவிட்டு வந்து, அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"பிலோ" என்றார். "ரத்தம் நின்னுடுச்சி."